நைட்டித் துணியில் ஒன்பது தலைவர்கள்

அன்றைக்கு என் கடைக்குள் இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர், தேர்தல் பறக்கும் படை அதிகாரி, அவரோடு வந்த பெண் போலீஸ், அவர்கள் கூட்டி வந்த வீடியோகாரர், பீக்கோ அடிக்கக் கொடுத்த புடவையைக் கேட்டு வந்திருந்த சித்திரை வீதி மாமி, கடைசியாக வந்து சேர்ந்த ஒரு சுயேச்சை வேட்பாளர். ஏழு பேர். கடை எட்டுக்குப் பத்து. தையல் மெஷின், வெட்டு மேஜை, அலமாரி போக மிச்சமிருக்கும் இடத்தில் சாதாரணமாக இரண்டு பேர் நின்றாலே மூன்றாவது ஆள் படியில் நிற்க வேண்டும். இதையெல்லாம் ஆரம்பித்து வைத்த மாநகராட்சி சார் மட்டும் வரவில்லை. எத்தனை தடவை அடித்தும் போனை எடுக்கவில்லை.

மேஜை மேல் நைட்டிகள் குவிந்து கிடந்தன. எல்லாம் ஒரே துணி. காப்பிப்பொடி நிறத்தில், குட்டிக் குட்டியாகக் கப்பும் சாசரும் போட்டது. அதிகாரி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அலமாரியில் இருந்த பணப்பெட்டியைப் பார்க்காமல் இருக்க முயற்சி பண்ணிக்கொண்டிருந்தேன். பார்த்தால் அவரும் பார்த்துவிடுவார் என்று பயம். பார்த்துவிட்டார்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள். கணக்குதான் காரணம். படிப்பு போனதில் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு குறை மட்டும் தங்கிவிட்டது. அரசாங்கத்திலிருந்து ஏதாவது வந்தால், படித்தவர்கள் படித்துப் பார்த்துவிட்டுத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். நான் படிப்பதற்கு முன்னாலேயே பயந்துவிடுகிறேன். எந்தச் சட்டம் வந்தாலும் அது ஸ்ரீரங்கத்தில் என் கடை எது என்று விசாரித்துக்கொண்டுதான் வருகிறது என்று எனக்குத் தோன்றும்.

பிளாஸ்டிக் பைக்குத் தடை என்று டிவியில் சொன்ன அன்று, வீட்டிலிருந்த பைகளையெல்லாம் மெத்தைக்கு அடியில் ஒளித்து வைத்தேன். திரும்பிப் படுத்தால் சரசரவென்று சத்தம். மறுநாள் துணிப்பையோடு மார்க்கெட்டுக்குப் போனால் மீன்கடையிலிருந்து பூக்கடை வரைக்கும் அதே பையில்தான் போட்டுக் கொடுக்கிறார்கள். பூக்காரம்மா என் துணிப்பையைப் பார்த்து, ஊருக்குக் கிளம்பிட்டியா என்று கேட்டாள்.

அந்த அட்டையை இந்த நம்பரோடு இணை, இந்த நம்பரை அந்தக் கணக்கோடு இணை என்று அடிக்கடி ஏதாவது ஒன்று வருகிறதே, அதற்கெல்லாம் நான்தான் முதல் ஆள். வெயிலில் வரிசையில் நின்று, சர்வர் இல்லை என்று திரும்பி வந்து, மறுபடி போய், ஒரு வழியாக இணைத்துவிட்டு வீட்டில் வந்து காலை நீட்டுவேன். டிவியில் கீழே எழுத்து ஓடும்: கடைசித் தேதி நீட்டிப்பு. என் வீட்டுக்காரர் நீட்டிப்புக்கு மேல் நீட்டிப்பு வரட்டும் என்று விட்டுவிட்டு, கூட்டமே இல்லாத ஒரு மத்தியானம் போய் முடித்துவிட்டு, வரும் வழியில் எனக்கு ஒரு முழம் மல்லிகைப்பூவும் வாங்கி வருவார். "சட்டம் போடறவங்களே அவசரப்படல. உனக்கு என்ன அவசரம்?" என்பார். அவர் குட்டி யானை ஓட்டுகிறார். யானை என்றால் கோயில் யானை இல்லை, சின்ன லோடு வண்டி. முசிறியிலிருந்து வாழைத்தார் ஏற்றி வந்து திருச்சி மார்க்கெட்டில் இறக்குவது அவர் தொழில். வாழைக்காய் தானாகப் பழுக்கிறது, எல்லாம் தானாக நடக்கும் என்று நம்புகிறவர்.

எனக்கு அந்தச் சமயத்தில் ஒரே ஒரு ஆசை இருந்தது. பீக்கோ மெஷின். புடவை ஓரத்தில் நெளி நெளியாகத் தையல் போடுவதுதான் பீக்கோ. என்னிடம் அந்த மெஷின் இல்லாததால், சித்திரை வீதி, உத்தர வீதி மாமிகள் கொடுக்கிற புடவையையெல்லாம் மூட்டை கட்டி ஆற்றுக்கு அந்தப் பக்கம் டவுனுக்கு அனுப்பி அடித்து வாங்க வேண்டும். லாபம் அங்கேயே நின்றுவிடும், திட்டு மட்டும் எனக்கு வரும். பாலக்கரையில் ஒரு மெக்கானிக் பழைய பீக்கோ மெஷின் ஒன்றைச் சரி பண்ணி வைத்திருந்தார். பதினாலாயிரம். என் டப்பாவில் பதினோராயிரம் சேர்ந்திருந்தது. முசிறியில் ஒரு டெய்லரம்மா முழுப் பணத்தோடு அதே மெஷினைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்றும், சித்திரை முதல் தேதி காலை வரைக்கும் எனக்காக வைத்திருப்பேன், அதற்கு மேல் முடியாது என்றும் அவர் சொல்லிவிட்டார். பங்குனி அப்போதுதான் பிறந்திருந்தது. மூவாயிரம்தானே, ஒரு மாதத்தில் சேர்த்துவிடலாம் என்று நானும் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கவலைப்படாமல் இருந்தேன்.

அப்போதுதான் தேர்தல் தேதியை அறிவித்தார்கள்.

மறுநாள் காலையில் கடையைத் திறக்கும்போதே மாநகராட்சி சார் வாசலில் நிற்கிறார். அவர் மனைவிக்கு நான்தான் பிளவுஸ் தைக்கிறேன். ஏதோ பிளவுஸ் டைட்டாகிவிட்டது போல என்றுதான் நினைத்தேன். விஷயம் வேறு. தேர்தல் நடத்தை விதி வந்துவிட்டால் தலைவர்கள் சிலையை மூட வேண்டுமாம். போன தடவை வெள்ளைத் துணியைச் சுற்றிக் கயிற்றால் கட்டியிருக்கிறார்கள். காவேரிக் காற்று அவிழ்த்துவிட்டது. ஒரு தலைவர் பாதி மூடியும் பாதி திறந்தும் நிற்க, அதைப் படம் பிடித்துப் போட்டுவிட்டார்கள். இன்னொரு இடத்தில், எங்கள் தலைவரைப் பிணம் மாதிரி சுற்றி வைத்திருக்கிறீர்கள் என்று மறியல். அதனால் இந்த முறை அளவெடுத்துத் தைத்த உறை வேண்டுமாம்.

"ஒன்பது சிலைம்மா. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள மூடியாகணும். துணி நீங்களே எடுத்துத் தச்சுடுங்க. பில் குடுங்க, ஒரு வாரத்துல பணம் வந்துடும். எந்தக் கட்சிக் கலரும் இருக்கக் கூடாது, அது ஒண்ணுதான்."

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அரசாங்கத்தைப் பார்த்து எப்படி முடியாது என்று சொல்வது? சரிங்க சார் என்று வந்துவிட்டது.

எந்தெந்தத் தலைவர்கள் என்று இங்கே சொல்லப் போவதில்லை. ஒருவர் பெயரைச் சொன்னால், எங்கள் தலைவரை ஏன் முதலில் சொல்லவில்லை என்று இன்னொருவர் வருவார். இத்தனை வருஷமாகப் பெண்களுக்கு மட்டும் அளவெடுத்தவள் நான். ஏணி மேல் நின்று, டேப்பை ஒரு தலைவரின் மார்பைச் சுற்றிக் கொண்டுவரும்போது மனசுக்குள் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், "தாராளமா விட்டு எடு. எலக்‌ஷன் முடியறதுக்குள்ள குண்டாயிட்டா என்ன பண்றது?" என்றார். பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். எட்டுத் தலைவர்களைத் தலைகாணி உறை மாதிரி மூடிவிடலாம். ஒன்பதாவது தலைவர் மட்டும் வலது கையை உயர்த்தி ஆற்றுப்பாலத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். அவருக்குத் தனியாக ஒரு கை வைக்க வேண்டும். முழுக்கையா என்று வீட்டுக்காரர் கேட்டார்.

அளவு சுலபம். கலர்தான் படாத பாடு படுத்தியது. டவுனில் பெரிய கடை வீதியில் நான் எப்போதும் துணி எடுக்கிற கடைக்குப் போய், எந்தக் கட்சிக்கும் சேராத கலர் கொடுங்கள் பாய் என்றேன். கடைக்கார பாய் நாற்பது வருஷமாகத் துணி விற்கிறவர். இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை போல. உற்சாகமாகிவிட்டார். ஒவ்வொரு கட்டாக எடுத்துப் போட்டார். கறுப்பு, வேண்டாம். சிவப்பு, வேண்டவே வேண்டாம். பச்சை, மஞ்சள், நீலம், காவி, ஒன்று விடாமல் எல்லாவற்றுக்கும் ஆள் இருந்தது. வெள்ளை என்றால் எல்லாக் கட்சிக்காரர்களும் போடுகிற கலர், போதாததற்குப் பிணம் என்ற பேச்சும் இருக்கிறது. ரோஸ் எடுத்தார். ரோஸ் கலர் பஸ்ஸில்தான் பெண்களை இலவசமாக ஏற்றுகிறார்கள், அது அரசாங்கத் திட்டம், பிரச்சினையாகும் என்று நானே சொல்லிவிட்டேன். இரண்டு கலரை ஒட்டித் தைத்தால் என்ன என்று கேட்டேன்.

"ரெண்டு கலர் சேர்ந்தா அது கூட்டணிம்மா," என்றார் பாய்.

இவ்வளவு பெரிய தமிழ்நாட்டில் ஒரு பொதுஜனம் உடுத்திக்கொள்ள ஒரு கலரைக்கூட மிச்சம் வைக்காமல் பங்கு போட்டுக்கொண்டுவிட்டார்கள். அது வரைக்கும் எனக்கு அது உறைக்கவே இல்லை. கடைசியில் பாய், பிரிண்ட் போட்டதைப் பாருங்கள் என்று நைட்டித் துணிகள் பக்கம் கூட்டிப்போனார். பூப் போட்டது வேண்டாம், இலை போட்டது வேண்டாம், வட்டம் வட்டமாக இருப்பது வேண்டாம் என்று நான் ஒவ்வொன்றாகத் தள்ளத் தள்ள, அடியிலிருந்து இந்தக் காப்பிப்பொடி கலர் துணி வந்தது. கப்பும் சாசரும். எந்தக் கட்சியாவது கப் அண்ட் சாசருக்குச் சொந்தம் கொண்டாடுகிறதா என்று நானும் பாயும் யோசித்தோம். இல்லை. பாய் கடையில் வேலை பார்க்கிற பெண்ணும் யோசித்தாள். இல்லை. துணியும் கயிறும் சேர்த்து ஏழாயிரம். என் டப்பாவிலிருந்துதான் கொடுத்தேன். ஒரு வாரத்தில் வந்துவிடுமே.

அன்று மத்தியானம் உட்கார்ந்தவள் மறுநாள் மத்தியானம் ஒன்பது உறையோடு எழுந்தேன். குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு போய் ஒவ்வொன்றாகப் போட்டோம். கைத் தலைவருக்கு மாட்டியதுதான் பெரிய வேடிக்கை. கையில் மாட்டிவிட்டுத் தலையில் இறக்க வேண்டும், ஊசி போடப் பயப்படுகிற பிள்ளைக்குச் சட்டை மாட்டுவது மாதிரி. மாட்டி முடித்ததும் டீக்கடையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். தலைவர் நைட்டி போட்டுக்கொண்டு, ஆட்டோவை நிறுத்துகிற மாதிரி நின்றார். அவருடைய கட்சிக்காரர்கள் நாலைந்து பேர் கோபத்தோடு வந்தார்கள். நான் ஏணிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவர்கள் கொஞ்ச தூரம் தள்ளி நின்ற இன்னொரு தலைவரைப் பார்த்தார்கள். அவரும் அதே கப்பு, அதே சாசர். எல்லாத் தலைவர்களுக்கும் ஒரே துணி. டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். சமத்துவம் என்று மேடையில் எத்தனையோ பேர் பேசிக் கேட்டிருக்கிறேன். கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஒரு வாரம் போனது. பணம் வரவில்லை. பில் மேலே போயிருக்கிறது என்றார் சார். அடுத்த வாரம் கேட்டால் பக்கத்து செக்‌ஷனுக்குப் போயிருக்கிறது என்றார். மேலே போனது எப்படிப் பக்கத்தில் இறங்கியது என்று எனக்குப் புரியவில்லை. நான் ராத்திரி புரண்டு புரண்டு படுக்க ஆரம்பித்தேன். மெத்தைக்கு அடியில் இப்போது பை இல்லாததால் சத்தம் மட்டும் இல்லை.

பிறகு வேட்பாளர்களுக்குச் சின்னம் ஒதுக்கினார்கள். சுயேச்சைகளுக்கு என்று அரசாங்கம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, அதில் பலூன், பெட்டி, கேஸ் அடுப்பு என்று வீட்டுச் சாமான் எல்லாம் இருக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அதில் கப் அண்ட் சாசரும் உண்டு. எடமலைப்பட்டி புதூரில் ஒருவர் இருக்கிறார், ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர், தேர்தல் தவறாமல் நிற்பவர். அவர் பலூன் கேட்டிருக்கிறார். கிடைக்கவில்லை. கப் அண்ட் சாசர் கிடைத்தது.

மறுநாள் காலையில் மாநகராட்சி சார் செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். நகரின் ஒன்பது தலைவர்களும் ஒரே சுயேச்சைக்குப் பிரசாரம் பண்ணிக்கொண்டு நிற்கிறார்கள், எல்லாக் கட்சியும் புகார் கொடுத்துவிட்டது, உடனே மாற்று உறை வேண்டும் என்றார். எனக்கு முதலில் பயமாகத்தான் இருந்தது. அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தேன். என்னைவிடப் பயந்துபோயிருந்தார். ஒரு அரசாங்க ஆள் என்னைவிடப் பயப்படுவதை அன்றைக்குத்தான் பார்க்கிறேன். ஏனோ அதில் ஒரு தெம்பு வந்தது. மாற்றுத் துணி வேண்டாம் சார், கழற்றி உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டுவிடலாம், அந்தப் பக்கம் பிரிண்ட் தெரியாது என்றேன். அப்படியே செய்தோம். தலைவர்களுக்கெல்லாம் ஓரத் தையலும் பிசிறும் வெளியே தெரிந்தது. வாழ்நாளில் இவ்வளவு அசிங்கமான வேலையை நான் ஊருக்கு நடுவில் காட்டியதில்லை. ஆனால் சட்டம் திருப்தியடைந்தது.

அதற்குள் கப்பும் சாசரும் தெரிந்த படங்கள் எல்லோருடைய போனிலும் சுற்றிவிட்டன. சித்திரை வீதி மாமி போனை நீட்டிக்கொண்டு வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "அழகா இருக்கே அந்தத் துணி. நேக்கு ஒண்ணு தெச்சுக் குடு. கார்த்தால காபி குடிக்கறச்சே போட்டுக்கறேன்," என்றார். அவரைப் பார்த்து அடுத்த வீட்டு மாமி. அவரைப் பார்த்து எதிர்வீட்டில் குடியிருக்கிற ரயில்வேக்காரர் மனைவி. கடைசியில் முப்பது பேருக்கு மேல் கேட்டுவிட்டார்கள். எனக்குப் பயம்தான். ஆனால் சித்திரை நெருங்கிக்கொண்டிருந்தது, பில் இன்னும் பக்கத்து செக்‌ஷனிலேயே உட்கார்ந்திருந்தது. டப்பாவில் மிச்சமிருந்ததை வழித்து எடுத்துக்கொண்டு பாய் கடைக்குப் போய் அந்தத் துணியில் இருந்த எல்லாக் கட்டையும் வாங்கி வந்துவிட்டேன். பாய், யாரும்மா அந்த வேட்பாளர், உங்களுக்குச் சொந்தமா என்று கேட்டார்.

தைக்கத் தைக்க வாங்கிப் போனார்கள். பங்குனி கடைசித் தேதியன்று பெட்டியில் சரியாகப் பதினாலாயிரம் சேர்ந்துவிட்டது. மறுநாள் காலை பாலக்கரை போய் மெஷினை எடுக்க வேண்டும், இன்னும் வாங்கிப் போகாத நைட்டிகளை மேஜையில் அடுக்கிக்கொண்டிருந்தேன். அன்றைக்குக் காலையில்தான் ஒரு பெரிய கட்சிக்காரர்கள் ஓட்டுக் கேட்டு எங்கள் தெருவுக்கு வந்திருக்கிறார்கள். வாசலில் கோலம் போடுகிறவள், பால் பாக்கெட் எடுக்கிறவள், குப்பை வண்டிக்காகக் கூடையோடு நிற்கிறவள் என்று யாரைப் பார்த்தாலும் உடம்பெல்லாம் கப் அண்ட் சாசர். சுயேச்சை தெருவுக்கே நைட்டி வாங்கிக் கொடுத்துவிட்டான் என்று புகார் போய்விட்டது.

இப்படித்தான் பறக்கும் படை என் கடைக்கு வந்தது.

அதிகாரி மரியாதையான மனிதர்தான். வாங்க, உக்காருங்க என்று நான் ஸ்டூலைக் காட்டியதும் உட்காரவில்லை, வீடியோகாரரிடம் மேஜையை எடுக்கச் சொன்னார். வாக்காளர்களுக்குப் பரிசுப் பொருள் கொடுப்பது குற்றம், துணியையும் தைத்ததையும் பறிமுதல் செய்ய வேண்டியிருக்கும், பெட்டியில் இருக்கிற பணம் எப்படி வந்தது என்று ஆதாரம் வேண்டும் என்றார். பறிமுதல் பண்ணினால் எப்போது திரும்ப வரும் என்று கேட்டேன். தேர்தல் முடிந்து, விசாரணை முடிந்து என்றார். என் கண்ணுக்கு முன்னால் அந்த மெஷின் குலுங்கிக் குலுங்கி முசிறி பஸ்ஸில் ஏறிப் போனது.

வீட்டுக்காரர் முதலில், இதெல்லாம் மாநகராட்சி தைக்கச் சொன்னதால் வந்த துணி சார் என்று ஆரம்பித்தார். அதற்கு அதிகாரி, அப்படியானால் அரசுப் பணத்தில் வாங்கிய துணியா என்று கேட்டார். வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். எதுவும் தானாக நடக்காது என்று அவருக்கே அப்போது தோன்றியிருக்க வேண்டும்.

இந்த நேரம் பார்த்துத்தான் அந்தச் சுயேச்சை வேட்பாளர் படியேறி வந்தார். கழுத்தில் துண்டு, கையில் நோட்டீஸ் கட்டு. தெருவில் தன் சின்னத்தைப் பார்த்துவிட்டு, எந்த அம்மா இதைத் தைத்தது என்று விசாரித்துக்கொண்டு நன்றி சொல்ல வந்திருக்கிறார். உள்ளே யார் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக் கையைக் கூப்பி, "ஆறு எலக்‌ஷன் நின்னுட்டேம்மா. எனக்காக ஒரு தெருவே திரண்டது இதுதான் மொதல் தடவை," என்றார். கண்ணில் தண்ணீர்.

வீடியோகாரர் அதையும் எடுத்துக்கொண்டார்.

நீங்கள்தான் கொடுத்தீர்களா என்று அதிகாரி கேட்டபோது அவருக்கு விளங்கவே நேரம் ஆனது. விளங்கியதும் துண்டை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். தான் நோட்டீஸே கடனுக்கு அடித்திருப்பதாகவும், தன் வீட்டுக்காரிக்கே நைட்டி வாங்கித் தந்து வருஷம் ஆகிறது என்றும் சொன்னார். அப்படியே இருந்தாலும் இது உங்கள் சின்னம், இந்தத் துணியின் விலையை உங்கள் தேர்தல் செலவுக் கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கும் என்றார் அதிகாரி. வேட்பாளர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். எனக்காவது ஒரு மெஷின்தான் போகிறது, இந்த மனிதருக்குப் பென்ஷனே போய்விடும் போல இருக்கிறதே என்று அவருக்கும் சேர்த்துக் கவலைப்பட ஆரம்பித்தேன்.

அதுவரைக்கும் மூலையில் அலமாரியோடு ஒட்டிக்கொண்டு நின்ற மாமி, தான் போட்டிருந்த நைட்டியின் இடது பக்கவாட்டில் இடது கையை விட்டார். அங்கே பாக்கெட் இருந்தது. அதிலிருந்து போன், மூக்குக்கண்ணாடி, மடித்த கைக்குட்டை, கோயில் குங்குமப் பொட்டலம் என்று ஒவ்வொன்றாக எடுத்து நைட்டிகள் மேல் வைத்தார்.

"ஓசியில குடுக்கறவா யாராவது பாக்கெட் வெச்சுக் குடுப்பாளோ?" என்று கேட்டார்.

அதிகாரி குனிந்து பாக்கெட்டைப் பார்த்தார். மாமி விடவில்லை. போன தேர்தலுக்கு ஒருத்தர் கொடுத்த புடவை முழங்காலுக்கு மேலே நின்றது, இன்னொருத்தர் கொடுத்த குடம் ஒழுகியது, இந்த ஜில்லாவில் எந்த வேட்பாளராவது இடது கைக்காரிக்கு இடது பக்கம் பாக்கெட் வைத்துக் கொடுத்ததாக அதிகாரி கேள்விப்பட்டிருந்தால் சொல்லட்டும் என்றார். பிறகு மேஜையிலிருந்து ஒரு நைட்டியை உதறிப் பிரித்தார். கழுத்தில் நான் பென்சிலால் எழுதிக் குத்தி வைத்திருந்த துண்டுக் காகிதம் தொங்கியது. உயரம், சுற்றளவு, முன்னால் ஜிப், குழந்தைக்குப் பால் கொடுக்க வேண்டும். இன்னொன்று. தோள் குறுக்க வேண்டும், பாக்கெட் இரண்டு.

பெண் போலீஸ் முன்னால் வந்து நாலைந்தைப் பிரித்துப் பார்த்தார். ஒன்று மாதிரி ஒன்று இல்லை. அவர் அதிகாரியிடம், "சார், இது அளவெடுத்துத் தச்சது சார். இலவசம்னா எல்லாம் ஒரே சைஸ்ல வரும்," என்றார். இதற்குள் தெருவில் செய்தி பரவி, வாசலில் ஏழெட்டு கப் அண்ட் சாசர் வந்து நின்று, நான் ஐநூற்று ஐம்பது கொடுத்தேன், நான் இன்னும் ஐம்பது பாக்கி என்று ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். இலவசம் வாங்கினவர்கள் பாக்கி வைக்க மாட்டார்கள் என்பது அதிகாரிக்கும் தெரிந்திருக்கும். பிறகு வீடியோகாரரை நிறுத்தச் சொன்னார். தேர்தல் முடிகிற வரைக்கும் இதைப் போட்டுக்கொண்டு ஓட்டுச்சாவடிக்கு மட்டும் யாரும் போகாதீர்கள் என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

ஜீப் கிளம்புவதற்கு முன் பெண் போலீஸ் மட்டும் கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று திரும்பி வந்தார். அவர் கண்ணாடியே போட்டிருக்கவில்லை. "அக்கா, எனக்கும் ரெண்டு பாக்கெட் வச்சு. ஓட்டு எண்ணி முடிச்சப்புறம் தைங்க," என்றார். நான் அங்கேயே டேப்பை எடுத்து அளவெடுத்தேன். போலீஸ் என்ற பயமே வரவில்லை. வேட்பாளர் இன்னும் ஸ்டூலில் இருந்தார். மாமி அவருக்கு ஒரு டம்ளர் காபி வரவழைத்துத் தன் கையால் கொடுத்து, ஒருத்தர் ஓட்டாவது உமக்குப் போடுகிறோம், கவலைப்படாதேயும் என்றார். ஒன்று இல்லை, அவருக்கு எங்கள் தெரு வாக்குச்சாவடியில் மட்டும் நாற்பதுக்கு மேல் விழுந்தது. மற்ற இடமெல்லாம் சேர்த்து அதைவிடக் கொஞ்சம் அதிகம். டெபாசிட் போய்விட்டது. மனுஷர் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்படுகிறார்.

சித்திரை முதல் தேதி காலையில் மெஷின் குட்டி யானையில் பாலத்தைத் தாண்டி வந்தது. வாழைத்தார் ஏற்றுவதுபோல் சாக்கு போட்டு, நான் பின்னால் அதைப் பிடித்துக்கொண்டே நின்று வந்தேன். ஆற்றில் தண்ணீர் இல்லை, மணல் பளபளத்தது, எனக்கு ஆடிப்பெருக்கு மாதிரி இருந்தது. முதல் புடவையாக மாமியின் புடவையைத்தான் அடித்தேன். முதல் முழம் கோணலாக வந்தது. மாமி அதையும் சொல்லிக் காட்டினார்.

தேர்தல் முடிந்ததும் உறைகளைக் கழற்றி என் கடையிலேயே கொண்டு வந்து போட்டுவிட்டார்கள். ஸ்டோரில் வாங்கி வைத்தால் எந்தக் கணக்கில் எழுதுவது என்று தலைப்பு இல்லையாம். அது என்னுடையதா அரசாங்கத்துடையதா என்று எனக்குத் தெரியாததால், எலி கடிக்காமல் நாப்தலின் உருண்டை போட்டு வைத்திருந்தேன். பில் மேலே போய், பக்கத்தில் போய், கீழே வந்து, ஆடி மாதம் எட்டு உறைக்குப் பணம் வந்தது. ஒன்பதாவது உறைக்கு ஆட்சேபணை. அனுமதி கொடுத்த உத்தரவில் சிலையை மூட என்றுதான் இருக்கிறதாம். சிலையின் கையை மூட என்று இல்லையாம். கை சிலையில் சேர்ந்ததுதானே சார் என்று கேட்டேன். அதற்கு மேலிடத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள் என்றார் மாநகராட்சி சார். போனை இப்போதெல்லாம் எடுக்கிறார். அவர் மனைவிக்குப் பீக்கோ அடிக்க வேண்டியிருக்கிறது.

விளக்கம் இன்னும் வரவில்லை. துணிக்கும் கயிற்றுக்கும் கைக்கும் தையல் கூலிக்கும் சேர்த்து எனக்கு வர வேண்டிய பாக்கி, ஆயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய்.